பட்டாளத்திலிருந்து வந்தபின் டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்பது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

2018 தொடக்கத்தில் என் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து (நம் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம். உங்கள் முதுகுத்தண்டு பாதிப்புக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை, அதனால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது, விருப்பமிருந்தால் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை நான் சரியாகப் படிக்கவில்லை. "கிடையாது" என்பதோடு மடித்து, பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய என் கறுப்பு ட்ரங்க் பெட்டியில், பழைய யூனிஃபார்முக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்று வருஷம் அங்கேயே கிடந்தது.

2021இல் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில் பக்கத்து ஊர் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர், நான் பந்தியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, அப்பீல் போட்டியா?" என்று கேட்டார். அன்றுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்கப்புறம் பணம் கைக்கு வர 2024 ஆகிவிட்டது. நடுவில் இரண்டு வருஷத்து நிலுவை போனது போனதுதான், அது திரும்ப வராது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தரைப்படை ஆள், அதனால் தரைப்படை வழியைத்தான் சொல்கிறேன். கடற்படை, விமானப்படையில் அலுவலகப் பெயர்கள் மாறும், வரிசை ஏறக்குறைய இதேதான்.

1. நீங்கள் எந்த வழியில் வெளியே வந்தீர்கள் என்று பாருங்கள்

டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேற்றக் காரணம் என்று ஒரு வரி இருக்கும். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

உடல்நிலை காரணமாக இன்வேலிட் செய்து அனுப்பியிருந்தால் உங்கள் நிலை வலுவானது. சர்வீஸ் எத்தனை வருஷம் என்ற கணக்கு குறுக்கே வராமல் சர்வீஸுக்கான பங்கு (சர்வீஸ் எலிமென்ட்), பாதிப்புக்கான பங்கு (டிஸெபிலிட்டி எலிமென்ட்) இரண்டும் கேட்கலாம். ஆனால் பாதிப்பு பணியால் வந்தது என்று ஏற்கப்பட வேண்டும். இன்வேலிட் செய்து அனுப்பப்பட்டவருக்குப் பாதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே உங்களைப் பரிசோதித்த மெடிக்கல் போர்டு 10, 15 என்று எழுதியிருந்தாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

சர்வீஸ் முடித்து, லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்தகுதித் தரம் குறைக்கப்பட்ட நிலையில், வந்தவர் என்றால் வழக்கமான பென்ஷன் எப்படியும் வரும், அதற்கு மேல் டிஸெபிலிட்டி எலிமென்ட் கேட்கிறீர்கள். இதற்குப் பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நான் இந்த வகை.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை. லோ மெடிக்கல் ஆனபின், அந்தக் கேட்டகரிக்கு ஏற்ற வேலை யூனிட்டில் இல்லை என்று சொல்லி, காலம் முடியும் முன்பே டிஸ்சார்ஜ் செய்திருப்பார்கள். புக்கில் இன்வேலிட் என்ற வார்த்தையே இருக்காது. ஆனால் பழைய 1982 விதிகளிலேயே இவர்களை இன்வேலிட் ஆனவர்களாகக் கருத வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் புக்கில் அப்படி ஒரு காரணம் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்துக்கு இன்றே நாலு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வந்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. 1-1-2006 முதல் வந்தவர்களுக்கு 2009 செப்டம்பரில் அரசாணை வந்தது, அதற்கு முன் வந்தவர்களுக்கு 2017இல்.

வெளியே வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 21-9-2023 முதல் வெளியேறியவர்களுக்குப் புதிய விதிகள். இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது, பிரஷர், சுகர் மாதிரி நோய்களுக்கு அளவுகோல் இறுகியிருக்கிறது. பழைய ஆள் ஒருவர் "எனக்கு இப்படித்தான் கிடைத்தது" என்று சொன்னால் அது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. நான் சொல்வதும் பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முன் வந்தவர்களுக்கானது.

2. மெடிக்கல் போர்டு காகிதம் முழுதும் கையில் இருக்க வேண்டும்

ரிலீஸ் மெடிக்கல் போர்டு, ஆர்.எம்.பி என்பார்கள். இன்வேலிட் ஆனவர்களுக்கு ஐ.எம்.பி. நீங்கள் இன்னும் யூனிட்டிலேயே இருக்கிறீர்கள், டிஸ்சார்ஜுக்குச் சில மாதம் இருக்கிறது என்றால் தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். அந்தப் படிவத்தில் நீங்கள் வேலை பார்த்த இடங்களைத் தேதிவாரியாக எழுதும் பட்டியல் ஒன்று இருக்கும். ஃபீல்டு எது, உயர்மலைப் பகுதி எது, பீஸ் ஸ்டேஷன் (எல்லையிலிருந்து தள்ளி உள்ள அமைதியான இடம்) எது என்று அதில் தெரியும். கிளார்க் அவசரத்தில் இரண்டு போஸ்டிங்கை விட்டுவிட்டால் பின்னால் அதை நிரூபிப்பது பெரும்பாடு. என் காகிதத்தில் லே பக்கம் இரண்டு வருஷம் வண்டி ஓட்டியது ஒரே வரியில், தேதி தப்பாக இருந்தது. வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏற்கெனவே வந்துவிட்டீர்கள், காகிதம் கையில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், தபால் நிலையத்தில் போஸ்டல் ஆர்டராக வாங்கலாம், ஆன்லைனிலும் கட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் அனைத்துப் பக்கங்களும், இடையில் நடந்த கேட்டகரி போர்டுகள், பட்டாளத்தில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவம், காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய் 2006 என்ற காய அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி காகிதம், போஸ்டிங் விவரம் என்று ஒவ்வொன்றாக எண் போட்டுக் கேளுங்கள். சேரும்போது எடுத்த பரிசோதனைக் காகிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் பெரிய சாட்சி.

பென்ஷனே இல்லாமல் வந்தவர்கள் இன்னும் வேகமாக நகர வேண்டும். அவர்களுடைய ஆவணங்களை டிஸ்சார்ஜ் ஆகி 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். 2001இல் இன்வேலிட் ஆகி வந்து இன்று அரூரிலோ ஊத்தங்கரையிலோ விவசாயம் பார்க்கிற அண்ணன் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, பெங்களூரு பக்கம். எம்.இ.ஜி (பொறியாளர் பிரிவு), ஏ.எஸ்.சி தெற்கு (சப்ளைப் பிரிவு) ரெக்கார்ட்ஸ் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ் ஏறினால் போய்விட்டு மாலை திரும்பிவிடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக், இ.எம்.இ (வண்டி, கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவு) செகந்திராபாத், அங்கெல்லாம் போய் நிற்பது வீண், தபாலிலேயே செய்யலாம். நேரில் போனாலும் மனுவைக் கொடுத்துவிட்டு நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள்.

3. அந்தக் காகிதத்தில் எங்கே பார்ப்பது

பக்கங்கள் நிறைய இருக்கும், முக்கியமானவை நாலு இடம்தான்.

ஒன்று, இந்தப் பாதிப்பு சர்வீஸில் சேரும் முன்பே இருந்ததா என்ற கேள்வி. பெரும்பாலும் "இல்லை" என்றே எழுதியிருப்பார்கள். இரண்டு, பணியால் ஏற்பட்டதா, பணியால் அதிகமானதா என்ற கேள்வி. இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதினால் அதைத்தான் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக "நானா" என்கிறார்கள். மூன்று, அந்த முடிவுக்குக் காரணம். என்னுடையதில் "பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது" என்ற அளவில் ஒரு வரி, அவ்வளவுதான். நாலாவது, சதவீதம்.

இந்தச் சதவீதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் காகிதத்தில் 20 சதவீதம், வாழ்நாள் முழுவதும் என்று தெளிவாக இருந்தது. அதைப் பார்த்துப் பென்ஷன் வந்துவிடும் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு என்ற இடத்தில், "நில்" என்று மூன்றே எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நானா என்று முடிவானால் அந்தக் கட்டம் பூஜ்யமாகிவிடும். அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இப்போது சட்டம் உங்கள் பக்கம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் நீங்கள் நல்ல உடம்போடு சேர்ந்தீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும், பிறகு வந்த பாதிப்பு பணியால் வந்தது என்பதே அனுமானம், இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு, மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். முதல் கேள்விக்கு "இல்லை", மூன்றாவது இடத்தில் காரணம் மொட்டையாக ஒரு வரி என்றால் உங்கள் மனுவின் முதுகெலும்பே அதுதான்.

எல்லாருக்கும் இது ஓடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீவில் ஊருக்கு வந்து சொந்த வேலையாகப் பைக்கில் போகும்போது விழுந்ததை ராணுவப் பணியோடு சேர்க்க முடியாது. ஆனால் லீவுக்கு யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியிலோ, திரும்பப் போகும் வழியிலோ அரசு செலவில் போகும் பயணத்தில் அடிபட்டால் அது பணியாகவே கருதப்படும். இதய நோய் என்றால் அதற்கு முந்தைய 14 நாள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள், யூனிட்டிலிருந்து அந்த விவரம் வாங்க வேண்டும்.

4. எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுங்கள்

நூறு சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பாதிப்பு குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் எம்.எஸ்.பி என்ற ராணுவப் பணி ஊதியம் 5,200 ரூபாயும், தொழில்நுட்பப் பிரிவினருக்கான எக்ஸ் குரூப் சம்பளம் இருந்தால் அதுவும்.

என் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். 34,900 கூட்டல் 5,200, ஆக 40,100. அதில் 30 சதவீதம் 12,030. 20 சதவீதப் பாதிப்புக்கு 2,406தான் வர வேண்டும். ஆனால் ரவுண்டிங் ஆஃப் என்று ஒன்று இருக்கிறது: 50க்குக் கீழே இருந்தால் 50 ஆக்க வேண்டும், 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. இன்வேலிட் ஆனவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உறுதி செய்தது. அப்படி 50 சதவீதமாக ஆனால் மாதம் 6,015, அதற்கு மேல் அகவிலைப்படி. மனுவில் ரவுண்டிங் ஆஃப் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். எழுதாமல் விட்டவர்கள் 20 சதவீதத்தோடு நின்று, மறுபடி ஒரு வழக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

போரிலோ எல்லை நடவடிக்கையிலோ காயப்பட்டவர்களுக்கு இது வேறு, வார் இன்ஜுரி எலிமென்ட், 30க்குப் பதில் 60 சதவீதம்.

5. முதல் மேல்முறையீடு, ஆறு மாதத்துக்குள்

கடிதம் வந்த அன்றே உறையோடு சேர்த்து வையுங்கள், உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு, உங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக எழுத வேண்டும். இதற்கு வக்கீல் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும்: எப்போது சேர்ந்தேன், சேரும்போது எந்த நோயும் இல்லை, எங்கெங்கே என்ன வேலை பார்த்தேன், எந்தத் தேதியில் எந்த ஆஸ்பத்திரியில் முதலில் கண்டுபிடித்தார்கள், போர்டு சொன்ன காரணம் ஏன் போதாது, எனக்கு என்ன வேண்டும். வேலையை விவரமாக எழுதுங்கள். "டிரைவராக இருந்தேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. "மூன்று டன் வண்டியில், மலைப்பாதையில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இறங்கிச் சங்கிலி மாட்டி" என்று எழுதினால் முதுகு ஏன் போனது என்று புரியும்.

இணைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக் நகல், பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை), மெடிக்கல் போர்டு நகல், நிராகரிப்புக் கடிதம், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். அனுப்புவது ஸ்பீட் போஸ்ட்டில், ரசீதை மனு நகலில் ஒட்டி வையுங்கள்.

எழுதத் தெரியாது, ஆங்கிலம் வராது என்றால் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். நாம் சைனிக் போர்டு என்போமே, அதுதான். தர்மபுரிக்குத் தனி, கிருஷ்ணகிரிக்குத் தனி. முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். மனுவைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்கள், கவரிங் லெட்டரோடு அனுப்பவும் செய்வார்கள். பைசா செலவில்லை.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு இனிஷியல், பட்டாளத்து ரெக்கார்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் இன்னொரு மாதிரி. மனுப் போடும்போது யாரும் கேட்க மாட்டார்கள், பணம் வர வேண்டிய நேரத்தில் அங்கேதான் நிற்கும். இப்போதே எல்லாவற்றையும் ரெக்கார்டில் உள்ளபடி ஒன்றாக்குங்கள். மனைவியின் பெயர், பிறந்த தேதியும் அப்படியே.

ஆறு மாதம் தாண்டிவிட்டால்? அப்போதும் போடுங்கள், தாமதத்துக்குக் காரணத்தை உண்மையாக எழுதி. என்னுடையதைக் காலம் கடந்தது என்று திருப்பிவிட்டார்கள், ஆனால் அந்தத் திருப்பிய கடிதம்தான் பிறகு ட்ரிப்யூனலில் (கீழே 7ஆவதாகச் சொல்லும் தீர்ப்பாயம்) எனக்குக் கதவைத் திறந்தது.

6. இரண்டாவது மேல்முறையீடு

முதலாவது நிராகரிக்கப்பட்டால் அந்தக் கடிதத்திலிருந்து இன்னொரு ஆறு மாதம். அதே மனுவைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். முதல் குழு சொன்ன காரணத்துக்குப் பதில் எழுதுங்கள்.

7. சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

இரண்டிலும் கிடைக்கவில்லை, அல்லது மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றால் ஏ.எஃப்.டி என்கிற இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ரெக்கார்ட் ஆபீஸ் ஜபல்பூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருப்பது பென்னாகரத்தில் என்றால் சென்னை அமர்விலேயே போடலாம். நிராகரிப்புக்குப் பின் ஆறு மாதக் கெடு, தாண்டினால் தாமத மன்னிப்பு மனு சேர்க்க வேண்டும்.

தாமதம் மன்னிக்கப்படும், ஆனால் பணம்? பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் வழக்கு ஏற்கப்படும், நிலுவை மட்டும் வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். 2008இல் தர்சேம் சிங் வழக்கிலிருந்து இதுதான் பொதுவான நடைமுறை. நான் 2017 ஜூலையில் வெளியே வந்தேன், 2022 ஆகஸ்டில் வழக்குப் போட்டேன், 2019 ஆகஸ்டிலிருந்துதான் கிடைத்தது. 24 மாதம், மாதம் 6,015 என்றால் 1,44,360 ரூபாய், அகவிலைப்படி இல்லாமலே. என் பெண்ணின் இரண்டு வருஷக் காலேஜ் ஃபீஸ் அது.

வக்கீலுக்கு நான் 25,000 கொடுத்தேன். கிடைக்கும் நிலுவையில் பாதி, கால்வாசி என்று கேட்பவர்களிடம் போகாதீர்கள், வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் "நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் புரோக்கர்களிடம் அசல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி சட்டப்படியே உண்டு.

என் வழக்கு 15 மாதம் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை, நான் இரண்டு முறைதான் போனேன். முதல் நாள் இரவே பஸ் ஏறினேன், ஐந்தாறு மணி நேரம் நேராக உட்கார என் முதுகால் முடியாது என்பதால் ஸ்லீப்பர் பஸ்தான்.

8. தீர்ப்பு வந்தபின் பணம் வரும் வரை

தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி ரெக்கார்ட் ஆபீஸுக்கு நீங்களும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்கள் வக்கீல் அனுப்புவார் என்று காத்திருக்க வேண்டாம். அரசுத் தரப்பு உயர் நீதிமன்றம் போகலாம், அது நடந்தால் மீண்டும் தாமதம். போகவில்லை, கெடுவும் முடிந்தது என்றால் நிறைவேற்று மனு போட வேண்டும். நான் அதையும் போட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ பென்ஷன் அலுவலகத்திலிருந்து திருத்திய பிபிஓ வரும், ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் உங்கள் கணக்கில் பார்க்கலாம். வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: சதவீதம் 50 என்று இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை காலத்துக்கு. "வாழ்நாள் முழுவதும்" என்று இல்லாமல் ஒரு முடிவுத் தேதி இருந்தால் உடனே குறை மனு போடுங்கள். நிரந்தரப் பாதிப்புக்கு நீங்களாகக் கேட்டால் ஒழிய மறுபடி போர்டு கிடையாது என்று 2001 அரசாணையே இருக்கிறது.

ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மொபைல் எண் மாறிவிட்டது என்றால் பொதுச் சேவை மையத்தில் சரிசெய்யலாம். வருஷத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்றையும் அங்கேயே கைரேகை வைத்துக் கொடுக்கலாம். அது தவறினால் புதிதாக வந்த தொகையோடு சேர்ந்து பழைய பென்ஷனும் நின்றுவிடும்.

அப்புறம் ஒன்று, காகிதமெல்லாம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். நாளை அந்தப் பாதிப்பாலேயே உங்களுக்கு ஏதாவது ஆனால், மனைவி சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க இதே மெடிக்கல் போர்டு காகிதமும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும்தான் வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே பச்சை ஃபைலில் போட்டு, மேலே பிபிஓ எண்ணைப் பெரிதாக எழுதி, பீரோவில் நிலப் பட்டாவோடு வைத்திருக்கிறேன்.